செவ்வாய், வியாழன்

மூன்று வருடம் கழித்து
திரையில் அந்த வரி மறுபடி வந்து நின்றது.
லண்டன் – செயின்ட் ஜான்ஸ்.
வாரம் இரண்டு நாள், கோடைக்கு மட்டும்.

மண்ணடியில் இரண்டாம் மாடி எங்கள் டிராவல்ஸ்.
படிக்கட்டில் பாதி, கீழ்க்கடை அத்தர்க்காரரின் அட்டைப்பெட்டி.
விமானக் கம்பெனி படம் அனுப்பியிருந்தது:
ஓடுபாதையோரம் கேக் வெட்டுகிறார்கள்,
தொப்பி வைத்த ஒருவர் வாய் நிறையச் சிரிக்கிறார்.
"போனவன் வந்துட்டான்" என்றார் சதக்கத்துல்லா பாய்.
"எதுக்குப் போனேன்னு எவனும் கேக்க மாட்டான்."

பழைய நோட்டின் பின்னட்டையில் என் கையெழுத்து:
எத்திராஜ், போட் மெக்கானிக், காசிமேடு.
ரூட் வந்தால் சொல்லவும்.

அரை மணியில் வந்துவிட்டார்.
நாற்காலி கறையாகும் என்று உட்காரவில்லை.
ரத்தான டிக்கெட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்.
அதன் பணம் பதினாலு மாசம் கழித்து
இரண்டு துண்டாக வந்தது.

அந்த ஊரில் அவர் மனைவி கஸ்தூரி
முதியோர் இல்லத்தில் நர்ஸ்.
"அங்கியும் மீனுதான் மேடம். ஆனா
கடல்லயே ஐஸு மல மாரி மெதந்து வருமாம்.
இங்க ஒரு ஐஸ் பாருக்கு
விடியக்காலம் அடிச்சிக்கினு நிக்கிறோம்."

விளக்கினேன்.
லண்டனில் இறங்கி, ஒரு மணி பத்து நிமிடத்தில்
அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.
பெட்டியை எடுக்க வேண்டாம், அதுவே மாறிக்கொள்ளும்.
"நம்மள வுட்டுட்டு அது மட்டும் போயிடாதே?"
போகலாம், என்று சொல்லவில்லை.
"செவ்வாய்க் கெழம வுட்டா?"
வியாழன்.
"வியாழன் வுட்டா?"
செவ்வாய்.
"கொருக்குப்பேட்ட கேட்டுதான்னு சொல்லு."

அப்புறம் கேட்டேன்,
ஒரு நாளில் இருபது பேரிடம்
முகம் பார்க்காமலே கேட்பதை:
போக மட்டுமா, வரவும் சேர்த்தா?

டீசல் அப்பிய விரல்
லேமினேட்டின் ஓரத்தைச் சுரண்டியது.
கீழே ஒரு குட்டியானை வண்டி
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது.
சுவரில் கடிகாரம் பதினொன்று.
"அங்க ராவு மூணு. எழுப்ப வேணாம்.
காலம்பற ஷிஃப்ட்டு அதுக்கு."

நள்ளிரவு வரை பிடித்து வைத்தேன்.
ஆறு எழுத்து. சீட்டில் எழுதிக் கொடுத்தேன்;
அவர் உள்ளங்கையில் பேனா எழுதாது.

இரவு ஏழேகால்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்,
என் மடியில் யாருடைய காலிஃபிளவரோ.
நிலக்கரி வேகன்கள், எண்ணியும் தீராமல்.
போன் அடித்தது.
"மேடம், அது இன்னா சொல்லுதுன்னா"
என்ஜின் ஹாரன்.
"இன்னா சொல்லுதுன்னா"
மறுபடி ஹாரன்.
கடைசி வேகன் போன பிறகு
இரண்டு பக்கமும் சற்று அமைதி.
"ரெண்டும் போடு.
வர்ற தேதிய மட்டும் வெறுமனே வுடு."

தண்டையார்பேட்டையில், சோறு ஆற ஆற
லேப்டாப்பைத் திறந்தேன்.
தேதி இல்லாமல் திரும்புவதை
அந்தக் கட்டம் வாங்காது.
மூன்று முறை சிவப்பானது.
அக்டோபரின் கடைசி வியாழனைப் போட்டேன்.
அதற்குப் பிறகு இந்த வருடம்
அந்த வரியே கிடையாது.

ஜன்னலா என்று கேட்க விட்டுப்போயிற்று.
போகும்போது ஜன்னல் கொடுத்தேன், இடப்பக்கம்.
வரும்போது எது மிச்சமோ அது.